ஜீரோ: கிராம் கணக்கில் எடை குறைத்த கதை

முதல்ல ஒரு ரெக்வயர்மென்ட் லிஸ்ட் தர்றேன். பொட்டி தட்டும் சகாக்கள் கொஞ்சம் கவனமாப் படிங்க.

1. மணிக்கு 500 கிலோமீட்டர் வேகம் வேணும்.
2. கூடுதல் பெட்ரோல் டேங்க் மாட்டிக்கிட்டா, சிக்கன வேகத்துல ஆறு முதல் எட்டு மணி நேரம் பறக்கணும்.
3. இரண்டு 20 மி.மீ. பீரங்கி, இரண்டு 7.7 மி.மீ. இயந்திரத் துப்பாக்கி இருக்கணும்.
4. இறக்கை இந்த முனையிலேர்ந்து அந்த முனை வரைக்கும் 12 மீட்டரைத் தாண்டக் கூடாது. எதிர்க்காத்து இருந்தா கப்பல் தளத்துல 70 மீட்டர் ஓடுறதுக்குள்ள எழும்பிடணும்.
5. இவ்வளவும் பண்ணிட்டு, இப்போ கையில இருக்கிற குட்டி விமானம் எப்படி வளைஞ்சு நெளிஞ்சு சண்டை போடுதோ, அதுக்குக் கொஞ்சமும் குறையாம இதுவும் வளையணும்.

1937 அக்டோபர்ல ஜப்பான் கடற்படை தன் நாட்டு விமானக் கம்பெனிகளுக்குக் கொடுத்த லிஸ்ட்டோட சுருக்கம் இது. ஐட்டம் ஒவ்வொண்ணும் தனியா பார்த்தா நியாயமாத்தான் தெரியும். ஆனா ஒண்ணோட ஒண்ணு அடிச்சுக்கும். தூரம் போகணும்னா பெட்ரோல் வேணும், பெட்ரோல்னா எடை. பீரங்கியும் எடை. எடை கூடினா வளையாது. எல்லாத்தையும் சமாளிக்கப் பெரிய எஞ்சின் போடலாம்னா, அப்போ ஜப்பான்கிட்ட அப்படி ஒரு எஞ்சின் கிடையாது.

போட்டியில இருந்த நகாஜிமா கம்பெனி லிஸ்ட்டைப் பார்த்துட்டு, 1938 ஜனவரியில "எங்களால ஆகாது சாமி"ன்னு கும்பிடு போட்டு ஒதுங்கிடுச்சு. மிச்சம் இருந்தது மிட்சுபிஷி மட்டும்தான். அங்கே தலைமை வடிவமைப்பாளர் ஜிரோ ஹொரிகோஷி, அப்போ முப்பத்து நாலு வயசு. 2013ல மியாசாகி எடுத்த 'தி விண்ட் ரைசஸ்' அனிமேஷன் படம் பார்த்தவங்களுக்கு இந்தப் பேரு தெரிஞ்சிருக்கும்.

லிஸ்ட்டுல எது முக்கியம்னு சொன்னா மத்ததை விட்டுக் கொடுக்கலாமேன்னு ஹொரிகோஷி கடற்படையைக் கேட்டாரு. நாமளும் க்ளையன்ட்கிட்ட "ப்ரயாரிட்டி சொல்லுங்க சார்"னு கேட்போமே, அதே கேள்வி. கடற்படைக்குள்ளயே ரெண்டு கோஷ்டி. வளைஞ்சு சண்டை போடுறதுதான் முக்கியம்னு கெண்டா மினோரு. வேகமும் தூரமும்தான் முக்கியம்னு ஷிபாடா. ரெண்டு பேரும் விமானிகள், ரெண்டு பேர் வாதமும் சரி. கடைசியில கிடைச்ச பதில் என்னவா இருந்திருக்கும்? ஆமாங்க, எல்லாமே வேணும். எந்த நாடா இருந்தா என்ன, எந்த வருஷமா இருந்தா என்ன, க்ளையன்ட் க்ளையன்ட்தான் :-)

எஞ்சின் கைக்குள்ள இல்லை. கைக்குள்ள இருந்த ஒரே விஷயம் எடை. அதனால ஹொரிகோஷி எடை மேல கையை வச்சாரு. அவரும் குழுவும் செஞ்ச வேலையைப் படிச்சா மெக்கானிக்கல் படிச்ச எவனுக்கும் புல்லரிக்கும். (அடியேனும் படிச்சது மெக்கானிக்கல்தான். இப்போ பிடுங்குற ஆணிகள் வேற.)

சுமிடோமோ நிறுவனம் 1936ல புதுசா ஒரு அலுமினியக் கலவை கண்டுபிடிச்சிருந்தாங்க. எக்ஸ்ட்ரா சூப்பர் டியூராலுமின்னு பேரு. சாதா டியூராலுமினைவிட பலம் ஜாஸ்தி. அதை இறக்கையோட முதுகெலும்பான முதன்மைச் சட்டத்துக்குப் போட்டாங்க. இறக்கையையும் உடம்பையும் தனித்தனியா செஞ்சு போல்ட் போட்டு முடுக்குறதுதான் வழக்கம். இங்கே இறக்கையையும் உடம்போட நடுப்பகுதியையும் ஒரே துண்டா செஞ்சாங்க. விமானி உட்கார்ற இடத்துக்குக் கீழ இருக்கிறது இறக்கையோட மேல்தோல்தான். போல்ட், ப்ராக்கெட் எடை எல்லாம் மிச்சம். உள்ளே இருக்கிற சட்டங்கள்ல எங்கெல்லாம் ஓட்டை போட முடியுமோ அங்கெல்லாம் ஓட்டை போட்டு உலோகத்தைக் குறைச்சாங்க. காத்து தடையில்லாம வழுக்கிட்டுப் போக, ரிவெட் தலையெல்லாம் தோலோட தோலா சமமா அமுங்கி இருக்கும்.

பி.எஸ்.ஜி. டிசைன் டேட்டா புக்கைத் தூக்கிட்டு எக்ஸாம் ஹாலுக்குள்ள போன மக்களுக்கு ஃபேக்டர் ஆஃப் சேஃப்டி ஞாபகம் இருக்கும். ஒரு பாகம் தாங்கவேண்டிய அதிகபட்ச சுமையைப்போல இத்தனை மடங்கு தாங்கணும்னு ஒரு எண். அங்கே விதிப்படி அது 1.8. ஹொரிகோஷி உட்கார்ந்து, எல்லாப் பாகத்துக்கும் ஒரே எண் எதுக்கு, வளைஞ்சுட்டுத் திரும்பப் பழைய நிலைக்கு வந்துடுற சில பாகங்களுக்கு 1.6 போதுமேன்னு கணக்குப் போட்டு இறக்கினாரு. விதியைக் கண்ணை மூடிட்டு மீறலை. விதி எதுக்காக இருக்குன்னு புரிஞ்சுக்கிட்டு இறக்கினாரு.

இன்னொண்ணு எனக்கு ரொம்பப் பிடிச்சது. குச்சியை இழுத்தா வால் பக்கம் இருக்கிற எலிவேட்டர் அசையணும். நடுவுல கம்பிதான் இணைப்பு. மெதுவா போகும்போது நிறைய அசைச்சாத்தான் விமானம் திரும்பும். வேகமா போகும்போது லேசா அசைச்சாலே தூக்கி அடிக்கும். விமானிக்குக் கை கணக்கு மாறிக்கிட்டே இருக்கும். ஹொரிகோஷி அந்தக் கம்பியையே கொஞ்சம் நீண்டு கொடுக்கிற மாதிரி மெல்லிசாக்கிட்டாரு. வேகத்துல காத்து அழுத்தம் கூடினா கம்பி நீளும், எலிவேட்டர் தானாவே கம்மியா அசையும். ஒரு பாகமும் சேர்க்காம, இருக்கிற பாகத்தைக் குறைச்சே பிரச்னையைத் தீர்த்திருக்காரு மனுஷன். கோடை அழிச்சு பக்கை சரி பண்ற மாதிரி.

நாகோயா தொழிற்சாலைக்குப் பக்கத்துல பறந்து பார்க்க சரியான இடம் இல்லை. உலகத்துலயே நவீனமான கப்பற்படைச் சண்டை விமானத்தைப் பிரிச்சு மாட்டு வண்டியில ஏத்தி, 40 கிலோமீட்டருக்கும் மேல உருட்டிக்கிட்டு ககாமிகஹாரா விமான தளத்துக்குக் கொண்டு போனாங்க! 1939 ஏப்ரல் 1ஆம் தேதி அது முதல்முறையா பறந்துச்சு. முதல்ல போட்ட 780 குதிரைத்திறன் எஞ்சின் பத்தலை. அப்புறம் 940 குதிரைத்திறன் தர்ற சகாயே எஞ்சின் போட்டாங்க. அது யார் தயாரிப்பு? கும்பிடு போட்டு ஒதுங்கின அதே நகாஜிமா! வேகம் 530ஐத் தாண்டிடுச்சு. 1940 ஜப்பான் அரச நாட்காட்டியில 2600. கடைசி எண் பூஜ்யம். அதனால பேரு 'டைப் ஜீரோ'.

லிஸ்ட்டுல இருந்த எல்லாத்துக்கும் டிக் அடிச்சாச்சு. இப்போ நிலவரம் என்னன்னா, காலி எடை சுமார் 1680 கிலோ. 1942ல இதோட மோதின அமெரிக்க வைல்ட்கேட் விமானம் சுமார் 2670 கிலோ. கிட்டத்தட்ட ஒரு டன் வித்தியாசம். சண்டைக்குப் போற எடையை இறக்கைப் பரப்பால வகுத்தா, ஜீரோவுக்கு சதுர மீட்டருக்கு 107 கிலோ, வைல்ட்கேட்டுக்கு 150 கிலோ பக்கம் வரும். இந்த எண் குறையக் குறைய சின்ன வட்டத்துல திரும்பலாம். பின்னாடி துரத்துறவன் திரும்பி முடிக்கிறதுக்குள்ள ஜீரோ அவன் முதுகுக்குப் பின்னாடி வந்து நிக்கும்.

1940 செப்டம்பர் 13. சீனாவோட சுங்கிங் வானத்துல 13 ஜீரோ விமானங்கள் முதல் சண்டை போட்டுச்சு. 27 விமானத்தை வீழ்த்தினோம்னு ஜப்பான் சொன்னாங்க, சீனக் கணக்கு அதுல பாதிதான். ஆனா ஒரு விஷயத்துல ரெண்டு தரப்புக்கும் சந்தேகமில்லை: ஒரு ஜீரோகூட விழலை. 1941 டிசம்பர்ல பேர்ல் ஹார்பர், அடுத்து பிலிப்பைன்ஸ். தைவான்லேர்ந்து கடலைத் தாண்டி வந்து அடிச்சுட்டுத் திரும்பிப் போனாங்க. இவ்வளவு தூரம் எந்தச் சண்டை விமானமும் வராது, பக்கத்துல எங்கேயோ விமானந்தாங்கிக் கப்பல் நிக்குதுன்னு அமெரிக்கத் தரப்புல நினைச்சாங்க.

நம்ம பக்கமும் வந்தாங்க. 1942 ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறு, கொழும்பு. நாலு நாள் கழிச்சு ஏப்ரல் 9, திருகோணமலை. குண்டு வீச்சு விமானங்களுக்குப் பாதுகாப்பா வந்தது ஜீரோக்கள். எதிர்த்து எழும்பின ஹரிக்கேன்கள் ஜீரோவோட வளைஞ்சு சண்டை போடப் பார்த்துப் பெரிய இழப்பைச் சந்திச்சாங்க. கொழும்புக்குப் பக்கத்துல டார்பிடோவோட பறந்து வந்த ஆறு ஸ்வார்ட்ஃபிஷ் விமானங்கள்ல ஒண்ணுகூட மிஞ்சலை. ஜப்பான்காரன் வந்துடுவான்னு மதராஸ்ல ஜனங்க மூட்டை முடிச்சோட ஊரைக் காலி பண்ணிட்டுப் போனதும் அந்த ஏப்ரல்லதான்.

சரி, இப்போ மேட்டருக்கு வருவோம்.

மேலே இருக்கிற லிஸ்ட்டை இன்னொரு தடவை படிங்க. அதுல என்ன இல்லை?

விமானி முதுகுக்குப் பின்னாடி ஒரு இரும்புத் தகடு இல்லை. குண்டு பட்டா தானே மூடிக்கிற பெட்ரோல் டேங்க் இல்லை. அந்த டேங்க் பெரிய ராக்கெட் சயின்ஸ் இல்லீங்க. உள்ளே ரப்பர் அடுக்கு இருக்கும். ஓட்டை விழுந்தா கசியிற பெட்ரோல் ரப்பர்ல பட்டு, ரப்பர் உப்பி, ஓட்டையை அடைச்சிடும். ஆனா எடை கூடும், டேங்க்ல பெட்ரோல் கொள்ளளவும் குறையும். கேட்டவங்க இதைக் கேட்கலை. கேட்காததைச் சேர்த்தா கேட்டதெல்லாம் கெட்டுப் போகும். அதனால ஹொரிகோஷியும் சேர்க்கலை.

இதை வச்சு "ஜப்பான்காரனுக்கு உயிர் மேல மதிப்பில்லை"ன்னு ஒரே வரியில தீர்ப்பு சொல்றவங்க உண்டு. எனக்கு அது சோம்பேறித்தனமான பதிலாப் படுது. 1937ல உலகத்துல வேற யாரும் இதைப் பெருசா கேட்டுடலை. பிரிட்டனோட ஸ்பிட்ஃபயருக்கே முதுகுத் தகடு போர் ஆரம்பிச்ச பிறகுதான் வந்துச்சு. வித்தியாசம் எங்கேன்னா, ஸ்பிட்ஃபயர்ல அதைச் சேர்க்க இடம் இருந்துச்சு. ஆயிரம் சொச்சம் குதிரைத்திறன்ல ஆரம்பிச்ச அதோட எஞ்சின், போர் முடியும்போது 2000த்தைத் தாண்டிடுச்சு. எடை ஏற ஏற, இழுக்க ஆள் இருந்தான். ஜீரோவோட சகாயே எஞ்சின் 940ல ஆரம்பிச்சு 1130 பக்கம் வந்து நின்னுடுச்சு. உடம்புல ஏற்கெனவே குறைக்க முடிஞ்சதெல்லாம் குறைச்சாச்சு. மிச்சம் ஒண்ணும் இல்லை. இன்னிக்குத் தேவைக்கு நூறு சதவீதம் பொருத்தமா செஞ்ச டிசைன்ல, நாளைக்குத் தேவைக்கு இடமே இல்லாமப் போச்சு.

மாத்தினா என்ன ஆகும்னு அவங்களே ஒருதரம் பார்த்தாங்க. ஜீரோ 32ஆம் மாடல்ல புது எஞ்சின் போட்டாங்க. எஞ்சின் கொஞ்சம் நீளம். அதுக்கு இடம் கொடுக்க உடம்புக்குள்ள இருந்த பெட்ரோல் டேங்கைச் சின்னதாக்கினாங்க. வேகம் கொஞ்சம் கூடுச்சு, தூரம் குறைஞ்சுது. எப்போ? 1942 ஆகஸ்ட்ல அமெரிக்கா குவாடல்கனால் தீவுல இறங்கி, ஜப்பான் விமானங்கள் ரபாவுல்லேர்ந்து ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல போய் அடிச்சுட்டுத் திரும்ப வேண்டியிருந்த நேரத்துல! புது மாடலால அங்கே போயிட்டுத் திரும்ப முடியலை. அப்புறம் 22ஆம் மாடல்னு ஒண்ணு செஞ்சு பெட்ரோலைத் திரும்பச் சேர்த்தாங்க. ஒரு இடத்துல இழுத்தா இன்னொரு இடத்துல கிழியுது.

அந்த ரபாவுல் பாதையைக் கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. போறதுக்கு மூணு மணி நேரத்துக்கும் மேல, வர்றதுக்கும் அவ்வளவு. நடுவுல கொஞ்ச நேரம் சண்டை. டேங்க்ல ஒரு சின்ன ஓட்டை விழுந்தாலும் ஆயிரம் கிலோமீட்டர் கடல் பாக்கி இருக்கு. 1942 ஆகஸ்ட் 7, முதல் நாள் சண்டையிலயே சகாய் சபுரோங்கிற விமானிக்குத் தலையில குண்டடி. ஒரு கண்ணு போச்சு. அந்த நிலைமையில நாலே முக்கால் மணி நேரம் தனியா ஓட்டி ரபாவுல் வந்து சேர்ந்தாரு. இன்னிக்கும் எல்லாரும் வியந்து பேசுற கதை. எனக்கு அதைப் படிக்கும்போது வராமப் போனவங்க ஞாபகம்தான் வருது. விமானத்துல இருந்த ரேடியோ இரைச்சல்தான் தந்துச்சு, பிரயோஜனமில்லைன்னு இந்த சகாயும் கூட்டாளிகளும் அதையும் கழட்டிப் போட்டுட்டாங்க. எடை மிச்சமாம். ஆபத்துல பக்கத்துல பறக்கிறவனைக் கூப்பிடக்கூட வழியில்லை.

எதிர்ப் பக்கம் சும்மா இருக்கலை. 1942 ஜூன் 4ஆம் தேதி மிட்வே சண்டையில, ஜான் தாச்ங்கிற அமெரிக்க விமானி ஒரு உத்தியைச் செஞ்சு காட்டினாரு. ரெண்டு வைல்ட்கேட் பின்னல் போடுற மாதிரி குறுக்கும் நெடுக்குமா பறக்கணும். ஒருத்தன் முதுகுல ஜீரோ வந்தா, அவன் தன் ஜோடியை நோக்கித் திரும்புவான், ஜோடி நேருக்கு நேரா ஜீரோவைச் சுடுவான். மக்கு விமானம் ரெண்டு சேர்ந்தா, புலி மாதிரி ஒண்ணைச் சமாளிக்கலாம்.

அதே ஜூன் 4. அலாஸ்கா பக்கம் கோகாங்கிற இளம் விமானியோட ஜீரோவுல ஒரு குண்டு எண்ணெய்க் குழாயை உடைச்சிடுச்சு. அக்குடான் தீவுல புல்வெளின்னு நம்பி இறக்கினாரு. அது சதுப்பு நிலம். சக்கரம் புதைஞ்சு விமானம் தலைகீழாக் கவிழ்ந்து, கழுத்து முறிஞ்சு கோகா அங்கேயே இறந்தாரு. எதிரி கையில சிக்காம விமானத்தைச் சுட்டு எரிச்சிடணும்னு கூட வந்தவங்களுக்கு உத்தரவு. உள்ளே கோகா உயிரோட இருந்தா என்ன பண்றதுன்னு அவங்களுக்குச் சுட மனசு வரலை. விட்டுட்டுப் போயிட்டாங்க.

ஒரு மாசம் கழிச்சு அமெரிக்கர்கள் அதைக் கண்டுபிடிச்சு, சான் டியாகோ கொண்டு போய் சரிபண்ணி, செப்டம்பர்ல பறக்கவே விட்டுட்டாங்க. பலவீனமெல்லாம் வெளியே வந்துச்சு. வேகம் கூடினா இறக்கை நுனி அய்லரான்கள் கல்லு மாதிரி இறுகிடும், உருள முடியாது. வலப்பக்கம் உருள்றது இடப்பக்கத்தைவிடக் கஷ்டம். மூக்கைத் திடீர்னு கீழே அமுக்கினா கார்புரேட்டர்ல பெட்ரோல் வராம எஞ்சின் இருமும். ஆக, ஜீரோ பின்னாடி வந்தா என்ன பண்ணணும்? மூக்கை அமுக்கி டைவ் அடி, வேகம் எடு, வலப்பக்கம் உருண்டு தப்பிச்சுப் போ. (இந்த விமானத்தைப் பார்த்துத்தான் ஹெல்கேட்டை வடிவமைச்சாங்கன்னு ஒரு கதை சுத்துது. ஹெல்கேட் முதல்ல பறந்தது 1942 ஜூன் 26. கோகாவோட விமானத்தைக் கண்டுபிடிச்சது ஜூலையில. நீங்களே கணக்குப் போட்டுக்கோங்க.)

1943ல அந்த ஹெல்கேட் வந்துச்சு. 2000 குதிரைத்திறன் எஞ்சின், காலி எடையே 4 டன்னுக்கு மேல. ஜீரோவைப்போல ரெண்டரை மடங்கு. ஆனா அந்த எடையில தகடு இருந்துச்சு, தானே மூடிக்கிற டேங்க் இருந்துச்சு.

இங்கேதான் நான் சொல்ல வந்த விஷயம். அந்தத் தகடு காப்பாத்துறது ஒரு உயிரை மட்டும்னு நினைச்சா கணக்கு பாதிதான். அடிபட்ட அமெரிக்க விமானி நிறைய நேரம் திரும்பி வந்தான். மறுநாள் அதே தப்பைப் பண்ணாம பறந்தான். கொஞ்ச நாள்ல அவனை ஊருக்கு அனுப்பி, புதுப் பசங்களுக்குச் சொல்லிக் கொடுக்க வச்சாங்க. தாச்சையே மிட்வேக்கு அப்புறம் பயிற்சி வேலைக்குத்தான் அனுப்பினாங்க. ஜப்பான் பக்கம், பல வருஷம் வடிகட்டி வடிகட்டித் தேர்ந்தெடுத்த விமானிகள் சாகுற வரைக்கும் இல்லே முடமாகுற வரைக்கும் முன்னணியிலயே பறந்தாங்க. ஒருத்தன் கடல்ல விழுந்தா, அவன் கத்துக்கிட்டதும் கூடவே போச்சு. நம்ம பாஷையில சொன்னா, பேக்கப்பே இல்லாத சர்வர். விமானத்துலேர்ந்து குறைச்ச எடை காணாமப் போகலை. விமானி தலைமேல போய் உட்கார்ந்துச்சு. ஆரம்பத்துல தேர்ந்த ஆட்கள் அதைத் தூக்கினாங்க, அதனால யாருக்கும் தெரியலை. 1944ல அரைகுறைப் பயிற்சியோட வந்த சின்னப் பசங்களால தூக்க முடியலை. ஜூன் மாசம் பிலிப்பைன் கடல் சண்டையில ஜப்பான் விமானங்கள் கொத்துக் கொத்தா விழுந்ததைப் பார்த்து அமெரிக்க விமானிகள் அதுக்கு 'வான்கோழி வேட்டை'ன்னு பேரு வச்சாங்க.

புது மாடல் வந்திருக்க வேண்டாமா? ரெப்புன்னு ஒண்ணு ஹொரிகோஷியே ஆரம்பிச்சாரு. எஞ்சின் பிரச்னை, ஆள் பற்றாக்குறை. முதல்ல பறந்ததே 1944 மே மாசம்தான். போர்ல அது பங்கெடுக்கவே இல்லை. 1945 ஆகஸ்ட் வரைக்கும் ஜீரோவைத்தான் செஞ்சுக்கிட்டே இருந்தாங்க. மொத்தம் 10,900க்கும் மேல. அதுல பாதிக்கு மேல செஞ்சது நகாஜிமா.

1944 அக்டோபர்ல, பிலிப்பைன்ஸ்ல, ஜீரோவுக்குக் கீழே 250 கிலோ குண்டைக் கட்டி, விமானியோட சேர்த்துக் கப்பல் மேல மோத அனுப்ப ஆரம்பிச்சாங்க. திரும்பி வரணும்ங்கிற தேவையே லிஸ்ட்டுல இல்லாமப் போச்சு. 1937ல யாரும் வேணும்னு இதை நோக்கி டிசைன் பண்ணலை. அப்போ அது வெறும் எழுதப்படாத ஒரு வரி, அவ்வளவுதான். ஏழு வருஷத்துல அந்த எழுதப்படாத வரி எங்கே கொண்டு வந்து விட்டிருக்கு பாருங்க.

ஹொரிகோஷியைக் குத்தம் சொல்ல எனக்கு வாய் வரலை. கொடுத்த லிஸ்ட்டுக்கு அதைவிட நல்ல பதிலை யாரும் கொடுத்திருக்க முடியாது. ஆனா நானும் வாரா வாரம் ரெக்வயர்மென்ட் மீட்டிங்ல உட்கார்றவன். அங்கே பேசுறவங்க ஸ்க்ரீனைப் பத்திப் பேசுவாங்க, வேகத்தைப் பத்திப் பேசுவாங்க. ராத்திரி ரெண்டு மணிக்கு சிஸ்டம் படுத்தா எழுந்து பார்க்கப் போறவன் அந்த அறையில இருக்க மாட்டான். அவனுக்காக ஒரு வரி எழுதவும் யாருக்கும் தோணாது. எங்க வேலையில யாரும் சாகப் போறதில்லை, தூக்கம்தான் போகும். இருந்தாலும் ஜீரோவைப் பத்திப் படிச்சதுக்கப்புறம் ஒரு பழக்கம் வந்திருக்கு. லிஸ்ட் முடிஞ்சதும், "இதுல குறைச்சதை யார் சுமக்கப் போறா?"ன்னு ஒருதரம் கேட்டுடறேன். சில நாள் பதில் கிடைக்கும். பல நாள் எல்லாரும் கடிகாரத்தைப் பார்ப்பாங்க :-)

டிஸ்கி: அடுத்து ஸ்பிட்ஃபயர் பத்தி எழுதலாம்னு ஒரு யோசனை. ஆணி குறைஞ்சா பார்க்கலாம். வர்ட்டா...